நான்கு துளைத் துண்டு

கண்டி
2025 ஜனவரி 12

அன்புள்ள மர்ளியா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் நளீம் நானாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். கண்டிக் குளிர்தான் இன்னும் பழகவில்லை. எத்தாளை வெயிலில் காய்ந்த உடம்புக்கு இரண்டு போர்வையும் போதாமல் இருக்கிறது.

ஹஸன் காக்காவின் மீன் லொறியில் ஒரு ஐஸ் பெட்டி வருகிறது. திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பைத்தியத்துக்கு வேற வேலை இல்லையா" என்று சிரிக்க வேண்டாம். உள்ளே பத்துச் சின்ன வலைப் பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு பொலித்தீன் துண்டு. ஒரு துளை போட்டிருந்தால் அது முதலாம் துண்டு, இரண்டு துளை போட்டிருந்தால் இரண்டாம் துண்டு, இப்படிப் பத்து வரைக்கும். எல்லாவற்றையும் இங்கே நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன். நானா களப்பின் உவர்நீரில் வலை கட்டுகிற கம்புகளில் இவற்றைத் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரிக் கட்டிவிட வேண்டும். மாதத்துக்கு ஒன்றை அவிழ்த்து, துண்டின் அளவு மூடியில் எழுதி நான் அனுப்புகிற போத்தலில் களப்புத் தண்ணீர் நிரப்பிப் போட்டு, ஹஸன் காக்காவின் ஐஸுக்குள் வைத்து அனுப்புங்கள்.

விஷயம் இதுதான் மதினி. எத்தனை வருடமாக நம் களப்பில் பொலித்தீன் விழுகிறது! அந்தத் தண்ணீரில் வாழும் நுண்ணங்கிகளில் சில அதைத் தின்னப் பழகியிருக்கலாம். துண்டின் மேல் வழுவழுவென்று படியுமே, அதுதான் அவை குடியிருக்கிற இடம். மாதாமாதம் துண்டின் நிறை குறைந்துகொண்டு வந்தால், தின்கின்றன என்று அர்த்தம். அப்படி நடந்தால், எத்தாளைக் களப்பு தன்னைத் தானே துப்புரவாக்குகிறது என்று உங்கள் லெய்லா உலகத்துக்குச் சொல்வாள்.

போனில் சொன்னால் நானா ஸ்பீக்கரில் போடுவார், பாதி ஊர் கேட்கும். அதோடு, யார் எடுத்தார், எந்த நாள், காற்று எப்படி என்று ஒவ்வொரு துண்டுக்கும் கைப்பட எழுதிய குறிப்பு வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் சட்டம். ஆகவே கடிதம்தான். நானா பேனை தொட மாட்டார் என்பது தெரிந்த கதை. நீங்கள்தான் என் ஆள்.

ஒன்று மட்டும். துண்டைக் கழுவிவிடாதீர்கள். நாறினாலும் அப்படியே அனுப்புங்கள். இது உங்களை நம்பி நான் ஒப்படைக்கிற அமானிதம்.

வஸ்ஸலாம்.
உங்கள் லெய்லா


எத்தாளை
2025 பெப்ரவரி 16

அருமைத் தங்கச்சி லெய்லாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. நாங்கள் சுகம். உன் குளிருக்கு ஒரு கம்பளிச் சால்வை இந்தப் பெட்டியிலேயே வைக்கிறேன். மீன் நாற்றம் பிடித்தால் என்னைத் திட்டாதே, ஹஸன் காக்காவைத் திட்டு.

உன் பெட்டி வந்த அன்றைக்கு உன் நானா மூன்று தரம் அதைத் திறந்து மூடினார். "இதுக்காகவா இவளக் கண்டிக்கு அனுப்பின?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் அனுப்பி வைத்த மாதிரி. ஆனால் அடுத்த நாள் சுபஹு தொழுத கையோடு அவரே போய்க் கட்டிவிட்டு வந்தார். அவர் போட்ட முடிச்சில் கப்பலையே கட்டி வைக்கலாம்.

முதலாம் துண்டை நேற்றுக் காலை அவிழ்த்தார். காற்று அவ்வளவாக இல்லை, தண்ணீர் தெளிவு. அதை நான் கழுவவில்லை. ஆனால் கை எவ்வளவு துருதுருத்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மீன் ஆய்ந்த கத்தியை மூன்று தரம் தேய்க்கிறவளிடம் கொண்டுவந்து இப்படி ஒரு வழுக்கலைக் கொடுத்து, கழுவாதே என்கிறாயே!

துறை முழுக்க உன் கதைதான். "என்ட தங்கச்சிட கிருமி களப்பத் துப்புரவாக்கப் போகுது" என்று உன் நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார். மீனவர் சங்கத் தலைவர் ஹாசிம் ஹாஜியார்கூட, "அப்ப நாம இனிக் குப்பை அள்ளத் தேவையில்ல" என்று சிரித்தாராம்.

சரி, உன் பிள்ளைகள் முதல் மாதத்தில் எவ்வளவு தின்றார்கள்? மறக்காமல் எழுது. உன் நானா போய்த் துறையில் சொல்ல வேண்டுமாம்.

வஸ்ஸலாம்.
மதினி மர்ளியா


கண்டி
2025 மார்ச் 4

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக். இங்கே விடுதியில் நோன்புக் கஞ்சி கிடைக்கிறது, ஆனால் உங்கள் கஞ்சியை நினைத்தால் இதைக் குடிக்க மனம் வராது. சால்வையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கும்பளா மீன் மணக்கிறது. பரவாயில்லை, வீட்டு வாசம்.

எவ்வளவு தின்றன என்று கேட்டிருந்தீர்கள். நல்ல தொடக்கம் மதினி, மிகவும் நல்ல தொடக்கம். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கந்தூரிக்கு வந்த சனம் மாதிரித் துண்டு முழுக்க நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. பொலித்தீனில் இருந்து கசிகிறவற்றை முதலில் தின்னும், பிறகு பொலித்தீனிலேயே கை வைக்கும். இன்றைக்குப் பொலித்தீன் என்றால் நாளைக்கு நைலோன், ரெஜிபோம், கயிறு எல்லாவற்றையும் தின்னப் பழகிவிடும். பழகிவிட்டால் பிறகு நிறுத்த ஏலாது. நானாவிடம் சொல்லுங்கள், துறையில் நன்றாக நிமிர்ந்து நடக்கட்டும்.

இரண்டாம் துண்டை இந்த மாத நடுவில் எடுத்து வையுங்கள். நோன்போடு பெட்டி தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம், மூன்றாம் துண்டோடு சேர்த்துப் பெருநாளுக்குப் பிறகு அனுப்பினால் போதும்.

வஸ்ஸலாம்.
லெய்லா


எத்தாளை
2025 ஏப்ரல் 8

அருமைத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாளைக்கு நீ வராதது உன் நானாவுக்குக் கவலை. வட்டிலப்பத்தை ஒரு வாய் வைப்பதும் விடுவதுமாகத்தான் சாப்பிட்டார். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். நைலோன், கயிறு எல்லாம் தின்னும் என்று எழுதியிருந்தாய் இல்லையா? அவர் அதை அப்படியே துறையில் போய்ச் சொல்லியிருக்கிறார், பெருமைக்கு. அடுத்த கிழமை ஹாசிம் ஹாஜியாரின் இறால் வலையில் மூன்று இடத்தில் பொத்தல். போன வருடம்தான் வாங்கிய வலை. பிறகு இன்னொருவரின் வலை. பிறகு நம்முடையதிலும் ஒன்று. வலை கிழிவது புதினமா? எல்லாக் காலமும்தான் கிழிகிறது. ஆனால் இந்த முறை எல்லாரும் உன் பைகள் கட்டிய கம்பைப் பார்க்கிறார்கள்.

நேற்று ஹாஜியார் வாசலில் நின்று கேட்டார்: "நளீம், நம்மட வலை என்னத்தால செஞ்சது? நைலோன்தானே? உன்ட தங்கச்சி நைலோன் தின்னுற சாமானை வளத்து விட்டா நாங்க என்னத்தக் கொண்டு மீன் புடிக்கிற?"

உன் கடிதம் வரட்டும், பிறகு சொல்கிறேன் என்றார் உன் நானா.

தங்கச்சி, எனக்கு விளக்கம் ஒன்றும் வேண்டாம். வலையைத் தின்னுமா, தின்னாதா? ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுது. உடனே எழுது. இரண்டாம் மூன்றாம் துண்டுகள் இதோடு வருகின்றன. மார்ச் 15, ஏப்ரல் 7, இரண்டையும் உன் நானாதான் எடுத்தார். இரண்டு நாளும் காற்று இல்லை. எவ்வளவு தின்றிருக்கின்றன என்றும் எழுது, போன முறை நீ சொல்லவில்லை.

வஸ்ஸலாம்.
மர்ளியா


கண்டி
2025 ஏப்ரல் 24

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் அறிய ஆவல். எனக்குக் கொஞ்சம் தடிமனும் காய்ச்சலும், இப்போது பரவாயில்லை.

ஹாஜியாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதெல்லாம் நீண்டகால ஆராய்ச்சி, ஒரு சொல்லில் ஓம், இல்லை என்று எழுதிவிட முடியாது. தெரியாத விஷயத்தில் சனங்கள் எப்போதும் இப்படித்தான் பதறுவார்கள். நானா ஆண் பிள்ளை, சமாளிப்பார்.

எனக்கு இங்கே வேறு தலையிடி. போன கிழமை பேராசிரியர் கூப்பிட்டுப் பேசினார். நாலாம் துண்டில் இருந்தாவது ஏதும் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். இல்லாவிட்டால் உதவிப் பணம் நின்றுவிடும். அது நின்றால் என் படிப்பும் நிற்கும். வாப்பா மவுத்தான பிறகு நானா களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படிப்பித்த படிப்பு இது. அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

ஆகவே மதினி, உங்களைக் கும்பிடாத குறையாகக் கேட்கிறேன். நாலாம் துண்டு மே நடுவில் எப்படியும் இங்கே வந்துவிட வேண்டும். வேறு எது தவறினாலும் அது தவறக்கூடாது.

வஸ்ஸலாம்.
லெய்லா


எத்தாளை
2025 மே 8

(அனுப்பாத கடிதம்)

தங்கச்சி லெய்லா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஸலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சங்கம் கூடியது. அதுவரைக்கும் உன் நானா உன் பதிலுக்காகத்தான் எல்லாரையும் மறித்து வைத்திருந்தார். உன் கடிதம் வந்ததும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "ஓம் எண்டும் இல்ல, இல்ல எண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

கூட்டத்தில் ஹாஜியார் கத்தவில்லையாம். மெதுவாகத்தான் சொன்னாராம்: "பைய எடு நளீம். இல்லாட்டி தோணிய எடு. இந்தத் துறையில ரெண்டும் ஒண்டா நிக்க ஏலாது."

சனிக்கிழமை காலை எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, உன் நானா தன் கையாலேயே ஏழு பைகளையும் அறுத்தார். கரையில் குவித்து நெருப்பு வைத்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "அவளுக்கு எழுதாத. படிப்பு முடியட்டும். வாக்குக் குடுத்ததும் நான், அறுத்ததும் நான். என்ன மொகத்தோட அவளுக்கு எழுதுற?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உன் நானா அழுது நான் கண்டது வாப்பாவின் ஜனாஸா அன்றைக்கு மட்டும்தான், லெய்லா. இது இரண்டாம் முறை.

அவர் எழுதாதே என்கிறார். நீ நாலாம் துண்டு இல்லாவிட்டால் படிப்பு நிற்கும் என்கிறாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் என்ன செய்ய?


எத்தாளை
2025 மே 15

அருமைத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் காய்ச்சல் சுகமா? வெந்நீர் குடி, தலையை நனைக்காதே. நாங்கள் நலம்.

நாலாம் துண்டு இதோடு வருகிறது. மே 14 காலை எடுத்தது. கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, தண்ணீர் கலங்கல்.

உன் நானாவுக்கு வேலை கூட. ஸலாம் சொன்னார்.

வஸ்ஸலாம்.
மர்ளியா


கண்டி
2025 ஜூன் 12

என் தங்கமான மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். பிந்தித்தான் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சந்தோஷத்தில் எனக்கு நாள் கிழமையே மறந்துபோயிற்று.

நாலாம் துண்டின் நிறை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது!

நான் நம்பவில்லை. தராசு பழுது என்று நினைத்து வேறு தராசில் வைத்தேன். அதுவும் அதையே சொன்னது. ஓரத்தைக் கொறித்துவிட்டு மிச்சத்தை விடவில்லை மதினி. துண்டு முழுக்க ஒரே சீராக மெலிந்திருக்கிறது. அதைப் பார்த்து இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன், அறைத் தோழி பயந்துவிட்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நிச்சயமாக இது அதே துண்டுதானா?" என்று கேட்டார். நாலு துளையையும் காட்டினேன். "எங்கட மதினிட கை, சேர், பிசகாது" என்றேன்.

செப்டெம்பர் பத்தாம் தேதி பெரிய மண்டபத்தில் நான் இதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் ஐந்து, ஆறு, ஏழு வந்துவிட வேண்டும்.

நானா ஏன் ஒரு வரி எழுதவில்லை? போனிலும் "சுகமா, சுகம்" என்று வைத்துவிடுகிறார். என்னோடு கோபமா? துறையில் அந்த வலைக் கதை அடங்கிவிட்டதா? நீங்களும் ஒன்றும் எழுதவில்லை. அடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் லெய்லா


எத்தாளை
2025 ஜூலை 20

அருமைத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் சந்தோஷத்தைக் கேட்டேன். மாஷா அல்லாஹ். நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

ஐந்தும் ஆறும் வருகின்றன. ஏழாவது அடுத்த மாதம்.

லெய்லா, நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் மட்டும் படித்தவள். உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஆனாலும் கேட்கிறேன். முதல் மூன்று மாதம் எவ்வளவு தின்றது என்று நீ சொல்லவே இல்லை, நாலாம் மாதத்தில் மட்டும் அவ்வளவு தின்னுமா? உன் பேராசிரியர் சந்தேகப்பட்டாரே, அவர் பெரிய மனிசன், அவர் பேச்சைக் கேளேன். இன்னொரு வருடம் பார்த்துவிட்டுச் சொன்னால் என்ன? பெரிய மண்டபத்தில், அவ்வளவு பேருக்கு முன்னால், இப்பவே சொல்ல வேண்டுமா? கண்ணூறு பொல்லாதது.

துறையில் யாரும் இப்போது அந்தக் கதை கதைப்பதில்லை. அது உண்மை.

உன்னை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஏன் என்று கேட்காதே. சூடு கூட, அதுவாக இருக்கும்.

வஸ்ஸலாம்.
மர்ளியா


எத்தாளை
2025 செப்டெம்பர் 7

லெய்லா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தப் பெட்டியில் துண்டு இல்லை. மே மாதம் எழுதி அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. முதலில் அதை வாசி. வாசித்துவிட்டு இதற்கு வா.

வாசித்துவிட்டாயா?

நாலு முதல் ஏழு வரைக்கும் நான் செய்தது. உன் துண்டு எரிந்துபோனதும், சீனி கட்டி வந்த வெள்ளைச் சொப்பிங் பேக்கை எடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன், எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. போத்தல் மூடியில் நீ எழுதியிருந்த அளவுக்கு வெட்டினேன். ஊசியைச் சூடாக்கி நாலு துளை போட்டேன். களப்புக்குப் போனால் துறையில் காண்பார்கள். ஆகவே பின்பக்கத்துச் சீமெந்துத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் விட்டு, உப்பளத்து உப்பைப் போட்டுக் கலக்கினேன். களப்புத் தண்ணீரை ஒரு போத்தலில் ஒளித்துக் கொண்டுவந்து, இதை ஒரு வாய் அதை ஒரு வாய் என்று நக்கி நக்கிப் பார்த்து உப்பைச் சரி செய்தேன். வழுக்கல் பிடிக்க இறால் தலையும் போட்டேன். நான் சமைத்து அனுப்பினேன், நீ அதை ஆராய்ச்சி செய்தாய்.

அமானிதம் என்றாய். அமானிதத்தில் இப்படிக் கை வைத்துவிட்டேன். இந்த ஒரு முறை உன் படிப்பு தப்பட்டும், பிறகு களப்பில் புதிதாகக் கட்டுவோம் என்று நினைத்தேன். அது இப்படி மூன்றில் ஒரு பங்காகப் போய் நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொப்பிங் பேக் மெல்லிசு, லெய்லா. அவ்வளவுதான் விஷயம். உன் கிருமி ஒன்றும் தின்னவில்லை.

மூன்று தரம் போன் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் உன் குரல் கேட்டதும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அதைத் தோண்டி எடுக்கிற தைரியம் இல்லை.

ஹஸன் காக்கா நாளைக்குப் புறப்படுகிறார். பத்தாம் தேதிக்கு முன் கையில் கொடுக்கச் சொல்லி மூன்று தரம் சத்தியம் வாங்கினேன். உன் நானாவுக்குத் தொட்டி விஷயம் தெரியாது. என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். அந்த மேடையில் மட்டும் ஏறிவிடாதே.

மர்ளியா


கண்டி
2025 ஒக்டோபர் 3

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

பெட்டி ஒன்பதாம் தேதி காலை வந்துவிட்டது. இருபத்து நாலு நாள் பதில் எழுதவில்லை. உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பெட்டியைக் காலால் உதைத்தேன், ஐஸ் எல்லாம் அறை முழுக்கச் சிதறியது. அது பத்து நாள். மிச்ச நாள் கோபம் இல்லை, வெட்கம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் மேடையில் ஏறினேன் மதினி. இது உங்களையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று கடிதத்தை அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்துவிட்டு, சாரி உடுத்திக்கொண்டு போனேன். நாலாம் துண்டின் நிறையைச் சொன்னேன். கை தட்டினார்கள். அப்போது பேராசிரியர் சாதாரணமாகத்தான் கேட்டார், "எட்டாம் துண்டு இந்தக் கிழமை வந்திருக்க வேணுமே?" என்று. அதற்கும் ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது. ஆனால் வந்தது வேறு. "எட்டு இல்லை சேர். நாலும் ஐந்தும் ஆறும் ஏழும்கூடக் களப்பைக் கண்டதே இல்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

உதவிப் பணம் நின்றுவிட்டது. படிப்பை விடச் சொல்லவில்லை, முதலாம் துண்டில் இருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன், விடுதிச் செலவுக்கு அது காணும்.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். எவ்வளவு தின்றன என்று பெப்ரவரியில் கேட்டீர்கள், ஏப்ரலில் கேட்டீர்கள். உண்மையான மூன்று துண்டுகள் என்னிடம் வந்தன அல்லவா? மூன்றிலும் தராசு அசையவே இல்லை, மதினி. ஒன்றும் குறையவில்லை. மேலே குடியிருந்தவை கசிவை மட்டும் நக்கிக்கொண்டு இருந்தன, பொலித்தீனைத் தொட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நல்ல தொடக்கம் என்று எழுதினேன். நைலோனைத் தின்னும் என்று எழுதினேன், அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. நானா துறையில் பெருமையாகச் சொல்வார் என்ற ஆசையில் எழுதியது. பிறகு நீங்கள் ஓமா இல்லையா என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். இல்லை. வலைக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பொத்தல்கள் வலையைக் கடிக்கிற பேத்தை மீனின் வேலையாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். தின்னவே இல்லை என்று சொல்ல வேண்டி வரும்.

ஏப்ரலில் அந்த ஒரு சொல்லை நான் எழுதியிருந்தால் நானா பைகளை அறுத்திருக்க மாட்டார். நீங்கள் தொட்டியில் உப்புக் கரைத்திருக்க மாட்டீர்கள். நீங்கள் நாலு துண்டில் செய்ததை நான் உங்களுக்கு முன்னமே மூன்று துண்டில் செய்து முடித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நானாவிடம் கொடுங்கள். தொட்டி விஷயத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் விரும்பினால், துறையில் ஹாஜியாருக்கு முன்னால் இதை வாசிக்கட்டும்.

வஸ்ஸலாம்.
லெய்லா


எத்தாளை
2025 ஒக்டோபர் 16

அருமைத் தங்கச்சி லெய்லாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

தொட்டி விஷயத்தைச் சொன்னேன். உன் நானா போய்த் தொட்டியைப் பார்த்தார். கையால் அள்ளி வாயில் வைத்தார். "உப்பு சரிதான்" என்றார். பிறகு இரண்டு நாள் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் உன் கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைக்குப் போனார். நானும் மற்றப் பெண்களோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அவரே வாசித்தார், லெய்லா. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரியும் விடாமல். நீ பொய் எழுதினாய் என்ற இடத்தில் கடிதத்தைத் தாழ்த்தினார். நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார். முடிந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். "அப்பாடா, வலை தப்பிச்சு" என்றார்கள். ஹாசிம் ஹாஜியார் வந்து உன் நானாவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்க நளீம், பயத்துல செஞ்சிட்டம்" என்றார்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹாஜியார் திரும்பிப் போகப் போனவர், நின்று கேட்டார்:

"நளீம், அப்ப அது தின்னவே இல்லையா?"

"இல்ல."

"கொஞ்சமும்?"

"தராசு அசையல்ல எண்டு எழுதியிருக்கா."

"அப்ப நாம இவ்வளவு காலமும் போட்டதெல்லாம்?"

உன் நானா களப்பைக் காட்டினார். "அப்புடியே கெடக்கு."

ஹாஜியாரின் கையில் மீன் போட்ட சொப்பிங் பேக் ஒன்று இருந்தது. மீனை ஒரு பெட்டியில் கொட்டிவிட்டு, அந்தப் பையை எங்கே போடுவது என்று அங்கும் இங்கும் பார்த்தார். கடைசியில் மடித்துக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். வலையைத் தின்றுவிடுமோ என்று பயந்த நாளில்கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

நேற்று ஹாஜியார் ஆள் அனுப்பியிருந்தார். புதுப் பைகள் வந்தால் தன் கம்பிலும் கட்டலாமாம். உன் நானா மறுபடி கட்டத் தயார். இந்த முறை நான் கரையில் நின்று பார்த்து எழுதுவேன். தொட்டியை உடைத்துப் போட்டுவிட்டோம்.

துண்டுகளை அனுப்பு. கழுவ மாட்டேன், வெட்ட மாட்டேன், துளை போட மாட்டேன். நீயும் எங்களைச் சந்தோஷப்படுத்த ஒன்றும் எழுத வேண்டாம். "கொறைஞ்சா எவ்வளவு எண்டு எழுதச் சொல்லு. கொறையாட்டி கொறையல்ல எண்டு எழுதச் சொல்லு, நானே போய்த் துறையில சொல்லுறேன்" என்கிறார் உன் நானா.

வஸ்ஸலாம்.
மதினி மர்ளியா